ரெண்டு ஸ்டார் கொடுத்தவன் திரும்ப வந்து எழுதுகிறேன்: வியாசர்பாடி ஆயா கடை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கடைக்கு 2022இல் ரெண்டு ஸ்டார் போட்டு நாலு வரி திட்டியவன் நான்தான். "வடகறி நல்லா இருக்கு, மத்தபடி வரிசைன்னு ஒண்ணு கிடையாது, அரை மணி நேரமா நிற்கிறவனை விட்டுட்டு அப்போதான் வந்தவனுக்குத் தட்டு போகும், கேட்டால் முறைப்பாங்க, வேலைக்குப் போறவங்க இந்தப் பக்கம் வராதீங்க" என்று எழுதியிருந்தேன். அந்தக் கடைசி வாக்கியத்தை இப்போது படித்தால் வெட்கமாகவும் இருக்கிறது, கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கிறது. வேலைக்குப் போறவங்களாம்.

பெயர்ப் பலகை எதுவும் இல்லை. வியாசர்பாடியில் பர்மாக்காரர்கள் அதிகம் இருக்கும் தெருக்களில் ஒன்றில், ஒரு வீட்டுத் திண்ணையும் அதன் முன்னால் நீலத் தார்ப்பாயும்தான் கடை. எந்தத் தெரு என்று எழுதவில்லை, காரணம் இருக்கிறது. போன வருடம் ஒரு தம்பி கேமராவோடு வந்து அண்டாவுக்குள்ளே மைக்கை விடாத குறையாகப் படம் எடுத்துவிட்டுப் போய், அடுத்த ரெண்டு ஞாயிறும் கூட்டம் தாங்காமல் ஆயா கடையையே மூடிவிட்டது. பக்கத்தில் எந்த ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டாலும் வழி சொல்வார்கள், அது போதும். (ஆயா "மூடிவிட்டது" என்று எழுதுவதைப் பார்த்து யாரும் இலக்கணம் சொல்ல வராதீர்கள். எங்கள் பக்கம் ஆயா வரும், ஆயா சொல்லும். "அவர்" என்று எழுதினால் யாரோ வேற்றாள் ஆகிவிடும்.)

ஆயாவுக்கு அறுபத்தைந்தைத் தாண்டியிருக்கும். ஏழெட்டு வயதில் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்த குடும்பம். 1962இல் அங்கே ராணுவ ஆட்சி வந்து, அப்புறம் கடைகண்ணியெல்லாம் அரசுடைமை ஆனதும், தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்த நம் ஆட்கள் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கிளம்பி வந்தார்கள் அல்லவா, அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. இப்போது அடுப்படி வேலையில் பாதி மருமகள் அக்கா பார்க்கிறார், கல்லா ஆயாவிடம். கல்லா என்றால் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவும் ஜிபே பெட்டியும். அந்தப் பெட்டி காசு வந்ததைச் சத்தமாகச் சொல்லும்போதெல்லாம் ஆயா அதைப் பார்த்து "சரிடி, கேட்டுச்சு" என்கும்.

சாப்பாட்டுக்கு வருவோம். விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பு பற்ற வைத்துவிடுகிறார்கள், எட்டரைக்கெல்லாம் துடைத்து வைத்துவிடுகிறார்கள். இட்லி ஆறு ரூபாய், பூரி செட் முப்பது, வடகறி தனியாக வாங்கினால் இருபது. இட்லி பற்றி நான் முன்பு எழுதியதில் மாற்றம் இல்லை, பரவாயில்லை ரகம்தான், வெயில் காலத்தில் மாவு பொங்கிக் கொஞ்சம் புளிக்கும். சாம்பார் தண்ணீர். அதைச் சாம்பார் என்று நினைத்துச் சாப்பிட்டால் கோபம் வரும், பருப்பு ரசம் என்று நினைத்துக்கொண்டால் நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் வடகறிக்காக நான் எவ்வளவு தூரமும் நடப்பேன். கடலைப்பருப்பு வடையை முழுசாகவும் விடாமல் மாவாகவும் ஆக்காமல் கையால் பிய்த்துப் போடுகிறார்கள், கிராம்பும் சோம்பும் மூக்கில் ஏறும், இட்லியைத் தொட்டால் பாதி வடகறி இட்லிக்குள்ளே போய்விடும்.

ஞாயிறும் புதனும் மொய்ங்கா உண்டு. தெரியாதவர்களுக்கு: மெல்லிசான அரிசி நூடுல்ஸ் மேலே மீன் சாறு ஊற்றித் தருவது. குழம்பு என்றும் சொல்ல முடியாது, சூப் என்றும் சொல்ல முடியாது. மீனை வேகவைத்து முள்ளை எடுத்து உதிர்த்து, வறுத்த கடலை மாவைக் கரைத்து விட்டு, வாழைத்தண்டை வில்லை வில்லையாக அரிந்து போட்டு, அது பாட்டுக்குக் கொதித்துக்கொண்டே இருக்கும். தட்டுக்கு வரும்போது மேலே பூண்டு எண்ணெய், பொன் நிறத்தில் பொரித்த வெங்காயம், வறுத்த மிளகாய்த் தூள், கொத்தமல்லி, கடைசியில் பேஜோ என்கிற மொறுமொறு தட்டை ஒன்றைக் கையில் நொறுக்கித் தூவி எலுமிச்சை பிழிவார்கள். நம் ஊரில் அத்தோவும் (அதுவும் பர்மா நூடுல்ஸ்தான்) இதுவும் சாயங்காலத் தள்ளுவண்டி சாப்பாடு ஆகிவிட்டது, ஆனால் பர்மாவில் மொய்ங்கா காலை டிபன். ஆயா கடையில் இன்றும் அப்படித்தான். ஐம்பது ரூபாய், முட்டை மசாலா சேர்த்தால் பதினைந்து கூட. ஏழு மணிக்குப் போய் "இருக்கா?" என்று கேட்டால் ஆயா அண்டாவைச் சாய்த்துக் காட்டும், அவ்வளவுதான் பதில்.

இப்போது அந்த வரிசை விவகாரம்.

கடையில் ஒரே ஒரு சட்டம்தான். டூட்டிக்குப் போகிறவர்கள் முதலில். குப்பை வண்டிக்காரர்கள், தெரு கூட்டுபவர்கள், பால் வேன் பையன்கள், மெட்ரோ வாட்டர் லாரி டிரைவர், ஈபி ஆட்கள், ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் நைட் முடித்து வரும் சிஸ்டர்கள், 108 வண்டி. இவர்களில் யார் வந்து நின்றாலும் நீங்கள் எவ்வளவு நேரம் நின்றிருந்தாலும் தட்டு அங்கேதான் போகும். எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, வியாசர்பாடி ஜீவாவில் 6:40 வாக்கில் ரயில் பிடித்தால்தான் சரியாக இருக்கும். அன்றைக்கு என் முன்னால் பச்சை ஜாக்கெட் போட்டவர்கள் வரிசையாகப் பதினோரு பேர் சாப்பிட்டுப் போனார்கள், எண்ணிக்கொண்டே நின்றேன். நானும் வேலைக்குத்தானே போகிறேன் என்று கழுத்தில் தொங்கின ஐடி கார்டைத் தூக்கிக் காட்டினேன். ஆயா அதை ஒரு நிமிஷம் உத்துப் பார்த்துவிட்டுச் சொன்னது இது: "நீ லேட்டா போனா உன் ஆபீஸ்ல திட்டுவான். அது லேட்டா போனா உன் தெரு நாறும். கம்முனு நில்லு கண்ணு."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ரயில் போய்விட்டது. ரெண்டு ஸ்டார் வந்த கதை அதுதான்.

இங்கே ஒரு கிளைக் கதை சொல்ல வேண்டும், அப்போதுதான் மற்றது புரியும். 2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் 5 மணி. நாடே கைதட்டியது, நானும் மொட்டை மாடியில் நின்று தட்டைக் கரண்டியால் அடித்தேன், வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வேறு வைத்தேன், முன்களப் பணியாளர்களுக்கு நன்றி என்று. அப்புறம் ஊரடங்கு வந்தது, சென்னையில் ராயபுரம் மண்டலத்தில்தான் முதல் மாதங்களில் கொரோனா எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது, எங்கள் பக்கமும் தெருவுக்குத் தெரு தகரம் அடித்தார்கள். அந்தத் தகரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து தினமும் உள்ளே வந்த ஒரே ஆள் எங்கள் தெருவைக் கூட்டும் அக்காதான். ஒருநாள் வெயிலில் நின்று தண்ணீர் கேட்டார். எங்கள் வீட்டில் கொடுத்தோம். கேட்டுக்கு வெளியே நிற்க வைத்து, தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக் டம்ளரில். கொரோனா பயம் என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டோம். அந்த அக்கா குடித்துவிட்டு, டம்ளரைத் தன் வண்டியிலேயே போட்டுக்கொண்டு போனார்.

ஆயா கடையில் எவர்சில்வர் டம்ளர். எல்லோருக்கும் அதே டம்ளர்கள்தான். ஒவ்வொன்றிலும் யார் யாரோ கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு மொய் வைத்த பெயர்கள் வெட்டியிருக்கும், மூன்று வாளித் தண்ணீரில் வரிசையாக முக்கி எடுப்பார்கள், மூன்றாவது வாளி வெந்நீர். நீங்கள் குடிக்கும் டம்ளரில் உங்களுக்கு முன்னால் குப்பை லாரி கிளீனர் குடித்திருப்பார். அது பிடிக்காமல் பேப்பர் கப் கேட்கிறவர்களும் உண்டு. "பேப்பர்ல ஊத்துனா டீ டீயா இருக்காது" என்று ஆயா கொடுக்காது.

சரி, 2023 டிசம்பர். மிக்ஜாம். புயல் ஐந்தாம் தேதி கரையைக் கடந்தது ஆந்திராவில், பாபட்லா பக்கம், ஆனால் போகிற போக்கில் மூன்றாம் தேதி ராத்திரியிலிருந்து நாலாம் தேதி முழுக்க நம் தலைமேலேயே நின்று கொட்டிவிட்டுப் போனது. விமான நிலையத்தையே மூடினார்கள் என்றால் வியாசர்பாடியைப் பற்றிச் சொல்லவா வேண்டும். தூறலுக்கே மூடும் கணேசபுரம் சுரங்கப்பாதை பற்றிப் பேச்சே வேண்டாம். பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவில் 14ஆம் நம்பர் பாலம் என்று ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு வெள்ளத்துக்கும் செய்தியில் பெயர் வரும், அங்கே தண்ணீர் ஏறியதால் ரயிலும் கிடையாது.

நாங்கள் கீழ் வீடு. திங்கள் விடியும்போது கட்டிலுக்குக் கீழே சத்தம் கேட்டுக் காலை வைத்தால் முழங்கால் அளவு தண்ணீர், காலி சிலிண்டர் சமையலறையிலிருந்து மிதந்து ஹாலுக்கு வந்து நிற்கிறது. சாக்கடையும் மழையும் ஒன்றாகி என்ன நிறம் என்று சொல்லத் தெரியவில்லை. அம்மாவை மாடி வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டில் உட்கார வைத்தார்கள். அம்மாவுக்கு சுகர், ரெண்டு வேளை இன்சுலின். கரண்ட் ஞாயிறு ராத்திரியே போய்விட்டது. செவ்வாய்க்கிழமை வரைக்கும் போன் டவரும் இல்லை. எல்லோரும் ஈபியைத் திட்டினோம். நான் கொஞ்சம் அதிகமாகத் திட்டினேன், சிக்னல் ஒரு கோடு வந்ததும் கால் சென்டருக்கு நாற்பது தடவையாவது அடித்திருப்பேன்.

புதன்கிழமை காலை தண்ணீர் இடுப்பிலிருந்து முட்டிக்கு இறங்கியதும் ஏதாவது கிடைக்குமா என்று கிளம்பினேன். பால் கிடையாது, பச்சை பாக்கெட்டுக்கு அடிதடி, அரை லிட்டரை ஒருத்தர் நூறு ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தார் (அந்தக் கடைக்கும் ஒருநாள் எழுதுவேன், பெயர் இல்லாமல்). ஆயா கடைத் திண்ணை தண்ணீருக்குள் இருந்தது. சரி, அவ்வளவுதான் என்று திரும்பும்போது மேலேயிருந்து ஒரு குரல், "இன்னா, ஐடி கார்டு! மேல வா!"

பக்கத்து வீட்டு மாடிப்படி. அந்தப் படி திரும்புகிற இடத்தில், ரெண்டு பேர் நின்றால் மூன்றாமவர் மூச்சு விட முடியாத அந்த இடத்தில், அடுப்பு ஏற்றி வைத்திருந்தார்கள். கரண்ட் இல்லாததால் மாவு ஆட்ட வழியில்லை, அதனால் இட்லி இல்லை. ரவை உப்புமா, நொய்க் கஞ்சி, ஊறுகாய், பால் இல்லாத டீ. அவ்வளவுதான் மெனு. இலவசமாகக் கொடுத்தார்கள் என்று எழுதினால் படிக்க நல்லா இருக்கும், ஆனால் பொய். காசு வாங்கினார்கள். உப்புமா இருபது ரூபாய், டீ பத்து, வெள்ளத்துக்கு முன்னால் என்ன விலையோ அதே விலை. அந்த வாரத்தில் வடசென்னையில் அதே விலைக்கு ஒரு பொருள் கிடைத்தது என்றால் அதற்கே தனியாக ஒரு ஸ்டார் கொடுக்கலாம். படியில் வரிசை, அதிலும் அதே சட்டம்தான். டூட்டி முதலில்.

எனக்கு முன்னால் ஈபி பையன் ஒருவன். இருபத்தைந்து வயது இருக்கும், ஆனால் கையைப் பார்த்தால் கிழவர் கை, விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது. நகத்துக்கு மேலே கிரீஸ். அந்தக் கையால் எப்படிச் சாப்பிடுவது என்று அவனே பார்த்துக்கொண்டு நிற்க, மருமகள் அக்கா ஒரு ஸ்பூனைத் துடைத்துக் கொடுத்தார், டம்ளரை அவரே பிடித்துக்கொண்டு ஊற்றினார். நான் விடவில்லை. ஏன் தம்பி இன்னும் லைன் கொடுக்கல, மூணு நாள் ஆச்சே என்றேன், குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கும். அவன் வாயில் உப்புமாவோடு சொன்னான்: "குடுத்துடலாம் ண்ணா, ஒரு நிமிஷம் வேலை. கரண்ட் பில்லர் பாக்ஸ் பாதி தண்ணிக்குள்ள இருக்கு. எவன் வீட்லயாவது சுவிட்ச் போர்டு தண்ணிக்குள்ள இருந்துச்சுன்னா அந்த வீட்ல நிக்கிற ஆளு காலி. அதான் ஒவ்வொரு வீடா பாத்துட்டு வர்றோம்." பதில் முடிந்து அடுத்த வாய் உப்புமாவுக்குப் போய்விட்டான். எங்கள் வீட்டு ஹால் சுவிட்ச் போர்டு எந்த உயரத்தில் இருக்கிறது என்று நான் மனசுக்குள் அளந்துகொண்டு நின்றேன். தண்ணீருக்கு நாலு விரல்கடை மேலே.

அப்புறம் அந்த அக்கா வந்தார், எங்கள் தெரு கூட்டும் அக்கா, பிளாஸ்டிக் டம்ளர் அக்கா. அவர் வீடு புளியந்தோப்பு பக்கம், அங்கே எங்களைவிட மோசம், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்துவிட்டு மஸ்டருக்கு (வேலைக்கு வந்த கணக்கு எழுதும் இடம்) வந்திருந்தார். முந்தைய நாளும் வந்திருக்கிறார். நின்றுகொண்டே கஞ்சி குடித்தார். என்னைப் பார்த்ததும், "உங்கம்மா எப்டி இருக்காங்க, ஊசி மருந்து ஃபிரிஜ்ஜுல இருந்துருக்குமே, கரண்ட் இல்லியே" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா இன்சுலின் போடுவது தெருவில் ரெண்டு வீட்டுக்குத்தான் தெரியும். உங்களுக்கு எப்படிக்கா தெரியும் என்றேன்.

"உங்க வீட்டுக் குப்பைய நான்தான தம்பி பிரிக்கிறேன்" என்றார், சாதாரணமாக. "ஊசிய அப்டியே கவர்ல போட்டுத் தர்றீங்க. போன வருசம் ஒரு வாட்டி கையில ஏறிடுச்சு. ஜிஹெச் போய் டெஸ்ட் எடுத்தாங்க, ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. டப்பால போட்டு மூடிக் குடுங்க, போதும்." அவ்வளவுதான், திட்டவில்லை, குரலில் ஏற்றம்கூட இல்லை. அப்புறம் மருந்தை என்ன செய்வது என்றும் அவரேதான் சொன்னார். மண் சட்டியில் ஈர மணல் போட்டு, மருந்து பாட்டிலைக் கவரில் சுற்றி உள்ளே வைத்து, மேலே ஈரத் துணி மூடி வைக்கணுமாம். அவர் மாமியாருக்கும் சுகர். பாட்டிலில் தண்ணீர் படக் கூடாது என்று ரெண்டு தடவை சொன்னார். ஆயா உடனே உள்ளே கத்தி ஒரு மண் சட்டியை எடுத்து வரச் சொல்லி என் கையில் கொடுத்தது, "இது மொய்ங்கா சட்டி, திருப்பிக் குடுக்கணும்" என்ற எச்சரிக்கையோடு. வியாழன் ராத்திரி கரண்ட் வரும் வரைக்கும் மருந்து அதில்தான் இருந்தது. அம்மா சட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு கிலோ சர்க்கரை போட்டுக் கொடுத்தாள், சுகர்காரி கொடுக்கிற பொருளைப் பார்.

அந்த வாரமும் அடுத்த வாரமும் வெளி மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களை லாரி லாரியாகக் கூட்டி வந்தார்கள். தெருத் தெருவாக ஊறிப்போன மெத்தை, சோபா, அரிசி மூட்டை, பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாம் குவிந்து கிடந்தது, யார் அள்ளுவது. அவர்களும் இதே கடையில்தான் சாப்பிட்டார்கள். தெற்கத்திப் பெரியவர் ஒருவர் வடகறித் தட்டைப் பார்த்து, "இதென்னம்மா, வடையக் கொன்னு வச்சிருக்கீங்க" என்றார். சாப்பிட்டுவிட்டு ரெண்டாவது தட்டு வாங்கினார். மொய்ங்கா மட்டும் அந்த மாதம் முழுக்கக் கிடையாது. எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் கலந்து, மீனவர்கள் பக்கெட்டாலும் மக்காலும் அதை அள்ளிக்கொண்டிருந்த நேரம் அது, ஆயா மீன் வாங்கவே மறுத்துவிட்டது. காசிமேட்டு மீன் நல்ல மீன்தான் என்று மருமகள் அக்கா எவ்வளவோ சொல்லியும், "டூட்டிக்குப் போறவன் வயிறு, விளையாடாதே" என்று ஒரே பேச்சு.

கடன் நோட்டு கதையையும் சொல்லிவிடுகிறேன். சம்பளம் வரும் வரைக்கும் கணக்கு எழுதிச் சாப்பிடுகிறவர்கள் நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள், எல்லாம் ஒரு நீண்ட நோட்டில், பெயர் இல்லாமல் "பால் வேன் குள்ளம்", "லாரி மீசை", "சிஸ்டர் கண்ணாடி" என்று எழுதியிருக்கும். வெள்ளத்தில் நோட்டு ஊறி மை கரைந்து ஒரு எண்கூடத் தெரியவில்லை. டிசம்பர் 17இலிருந்து ரேஷன் கடையில் நிவாரணம் ஆறாயிரம் கொடுக்க ஆரம்பித்தார்கள் அல்லவா, அதற்கப்புறம் ஒவ்வொருவராக வந்து, நான் முன்னூத்தி இருபது, நான் நூத்தி எண்பது என்று அவரவரே சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எல்லோரும் வந்தார்களா என்று கேட்டேன். "நாலு பேர் வரல. வரலைன்னா வேற ரூட்டுக்கு மாத்திட்டாங்கன்னு அர்த்தம்" என்றது ஆயா. அப்படித்தானா என்று எனக்குச் சந்தேகம்தான், ஆனால் கடை அவர்களுடையது.

இன்னொரு விஷயம். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுக்கக் கூடாது என்று மாநகராட்சி தலைமை அலுவலகமான ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள், அப்புறம் ஒரு நடுராத்திரியில் போலீஸ் அப்புறப்படுத்தியது. அந்த நாட்களில் ஆயா கடையில் இட்லி மிஞ்சியது. ஆறு மணிக்குப் போன எனக்கு உடனே தட்டு கிடைத்தது, முதல் முறையாக. சூடாக, காத்திராமல். ஆயா மட்டும் தெரு முனையையே பார்த்துக்கொண்டிருந்தது. அதே மாதம் தூய்மைப் பணியாளர்களுக்கு இலவச காலை உணவு கொடுப்பதாக அரசு அறிவித்தது. உன் வியாபாரம் போச்சே ஆயா என்று கிண்டல் செய்தேன். "போனா போகட்டும், அதுங்க துன்னா சரி" என்றது. ஒரு நிமிஷம் கழித்து, "வடகறி அவங்க போட மாட்டாங்க" என்றும் சொன்னது.

குறைகள் இல்லாமல் இல்லை, அதையும் எழுதாவிட்டால் என் பழைய ரெண்டு ஸ்டாருக்கு மரியாதை இல்லை. உட்கார இடம் கிடையாது, வயசானவர்களைக் கூட்டிப் போனால் பக்கத்து வீட்டுப் படியில்தான் உட்கார வைக்க வேண்டும். காற்று அடிக்கும் திசையைப் பொறுத்து கால்வாய் வாசனை வரும், அதற்குக் கடைக்காரர்கள் ஒன்றும் செய்ய முடியாது. ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் ஆயா வாங்காது, ஒரு பார்வை பார்க்கும், அவ்வளவுதான். சூடான சாம்பாரைப் பிளாஸ்டிக் கவரில் கட்டித் தருவதை எத்தனை பேர் சொல்லியும் நிறுத்தவில்லை. பூரியில் எண்ணெய் அதிகம், ரெண்டாவது செட் வேண்டாம். ஒரு தடவை மொய்ங்காவில் முள் வந்தது, சொன்னபோது "மீன்னா முள்ளு இருக்கும்" என்றார்கள்.

ஆனால் அந்த வரிசையைக் குறையில் சேர்க்க மாட்டேன். அதற்குப் பதிலாக நான் செய்தது, வீட்டிலிருந்து இருபது நிமிஷம் முன்னால் கிளம்புகிறேன். போன வெள்ளிக்கிழமை என் முறை வந்து தட்டில் இட்லி வைத்தாகிவிட்டது, வடகறி ஊற்றும்போது 108 வண்டி வந்து நின்றது. மருமகள் அக்கா கரண்டியோடு என்னைப் பார்த்தார். தட்டை அந்த டிரைவர் பக்கம் நானே தள்ளினேன். பெரிய தியாகம் ஒன்றும் இல்லை, அடுத்த ஈடு இட்லி நாலு நிமிஷத்தில் வந்துவிட்டது, இன்னும் சூடாக. எங்கள் வீட்டில் ஊசிகள் இப்போது ஒரு பழைய ஹார்லிக்ஸ் டப்பாவில் போகின்றன, மூடிமேல் அம்மா சிவப்புப் பேனாவால் "ஊசி" என்று எழுதி ஒட்டியிருக்கிறாள், நிரம்பியதும் அந்த அக்கா கையில் தனியாகக் கொடுக்கிறோம். தண்ணீர் கேட்டால் வீட்டு டம்ளரில்தான் கொடுக்கிறோம். அந்தப் பழைய நாள் அவருக்கு ஞாபகம் இருக்கிறதா என்று நான் கேட்டதில்லை, கேட்கவும் தைரியம் இல்லை.

நாலரை ஸ்டார். அரை ஸ்டார் சாம்பாருக்காகப் பிடித்துக்கொண்டேன், ஆயாவிடமும் சொல்லிவிட்டேன். "பாதி ஸ்டார வச்சி நீ இன்னா பண்ணப் போற" என்று கேட்டது.

போகிறவர்கள் கவனத்துக்கு: ஐந்தரைக்கு முன்னால் அல்லது ஏழுக்கு மேல் போங்கள், நடுவில் போனால் நிற்கத்தான் வேண்டும். மொய்ங்கா வேண்டுமென்றால் ஞாயிறு காலை ஆறுக்குள். சில்லறை எடுத்துப் போங்கள். பார்சலுக்குத் தூக்குச் சட்டி ஒன்று, வடகறிக்குத் தனியாக ஒரு டப்பா, மூடி இறுக்கமாக இருக்கட்டும், பைக்கில் வரும்போது கொட்டிவிட்டால் மசாலா வாசனை பையை விட்டு ஒரு வாரம் போகாது.